மின்முனையா? மின்வாயா?

‘எலெக்ட்ரோடு’ என்னும் சொல்லுக்கு நேர் மின்முனையா, மின்வாயா என்னும் சொற்போர் தமிழன்பரிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. அகரமுதலிகளைப் புரட்டியே இதற்குத் தீர்ப்புக் கூற முனைகின்றனர். அச்சொல் பிறந்த இடத்தில் அவ்வாறு நிகழவில்லை. அதுவரை வழங்கிய ‘முனை’ என்னும் பெயரை 1834-இல் பாரடே வேண்டுமென்றே விலக்கினார். முனை என்றால் ஈர்க்கும் ஆற்றல் அங்கே குடியிருப்பதாகப் பொருள் தோன்றும். உண்மையிலோ அது மின்னோட்டம் புகவும் வெளிவரவும் உள்ள வாயிலே என்பது அவர் ஆய்வில் கண்ட முடிவு. அதற்கேற்பக் கிரேக்க வேர்களினின்று புதுச்சொல் ஆக்கிக்கொண்டார். (தமிழர் தம் வேரினின்றே சொல்லாக்கினால் மட்டும் நகையாடுவோர் இதனை அறிவாராக!)

பாரடேக்குப் பின் வந்த கருவி ஒன்று இவ்வழக்கை இன்னும் தெளிவாக முடித்துவைக்கிறது. அதுவே பலபடிச் சவ்வு எரிபொருள் மின்கலம். நடுவே மெல்லிய சவ்வு, இருபுறமும் மின்வாய்கள். ஒன்றில் நீரகம் நேர்மின்னியாகவும் மின்னியாகவும் பிரியும். நேர்மின்னி சவ்வை ஊடுருவிச் செல்லும். மின்னியோ புறக்கம்பி வழியே சுற்றிவரும். அச்சுற்றே மின்னோட்டம். மறு மின்வாயில் இரண்டும் உயிர்வளியொடு கூடி நீராகும். வினையை முடுக்குவது பிளாட்டினம் என்னும் வெண்பொன்.

இக்கலத்தின் இடர்ப்பாடும் அவ்வெண்பொன்னே. முற்பட்ட கலங்களில் மின்வாயின் ஒரு சதுரச் செண்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் தேவைப்பட்டது. ஒரு சதுர மீட்டருக்கு 40 கிராம். அஃதாவது ஐந்து பவுன் எடை! அத்தனையும் உழைத்ததா எனின், இல்லை. வளி வந்தடையவும், மின்னி போய்வரவும், நேர்மின்னி கடக்கவும் ஆகிய மூவழியும் கூடுமிடத்தில் அமர்ந்த துகளே வினைபுரியும். ஆங்கிலத்தார் இவ்விடத்தைச் சுட்டச் சொற்றொடர் ஒன்றை நீட்டுவர்; பொருநைக் கரையினர்க்கு ‘முக்கூடல்’ என்றாலே விளங்கும். சவ்வினின்று விலகி உள்ளே புதைந்த வெண்பொன் நேர்மின்னிக்கு வழியின்றி வாளா கிடந்தது.

1980-களில் அமெரிக்காவின் இலாசு அலமோசு ஆய்வகத்தார் இதற்கு எளிய தீர்வு கண்டனர். சவ்வுக்குரிய பலபடியையே கரைசலாக்கி மின்வாயின்மேல் பூசினர். அது நுண்துளைகளுள் இறங்கி, கரித்துகள்மேல் அமர்ந்த வெண்பொன்னைத் தழுவியது; முக்கூடல்கள் பெருகின. 1988-இல் திசியனெல்லி, சீனிவாசன் முதலியோர் வெளியிட்ட கட்டுரை, 4 மில்லிகிராம் நின்ற இடத்தில் 0.35 மில்லிகிராமே போதும் எனக் காட்டியது. 1992-இல் வில்சனும் காட்டசுபெல்டும் கரியையும் கரைசலையும் முன்னரே மையாகக் குழைத்து மெல்லிய படலமாக்கினர். தேவை இன்னும் இறங்கிற்று.

ஆயினும் பலபடி மிகுந்தாலும் கேடே. துளைகள் அடைபட வளி நுழைய இடமிராது. விளைந்த நீர் தேங்கினாலும் அவ்வாறே. நீர் வற்றினாலோ சவ்வு நேர்மின்னியைக் கடத்தாது.

வளியை உட்கொண்டு நீரை வெளிவிடும் இத்துளைநிறை உறுப்பை ‘முனை’ என்பது எங்ஙனம் பொருந்தும்? அது வாயே. அடைத்தால் கலம் நின்றுவிடும் வாய்! இம்முடிவை எந்த அகரமுதலியும் தந்திராது. கலத்தின் உள்ளறிவே தந்தது. சொல்லாக்கக் குழுவினர் பலர் பொருளைக் காணாமலே பெயர் சூட்டுகின்றனர் என்பது கசப்பாயினும் உண்மை. அச்சொற்களைக் கொண்டு ஒரு பக்கமேனும் அறிவியல் எழுதிப் பார்த்தவர் அவருள் மிகச் சிலரே.

அழகப்பர் ஈந்த நிலத்தில் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட நடுவண் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியிலேயே உள்ளது. அங்குள்ளோர் உலகுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறில்லை. சொல்லாக்குவோர் அடுத்த பட்டியலை அச்சிடுமுன் அவர்களிடம் சென்று, மின்வாயொன்றைக் கையில் வாங்கிப் பார்த்து, கண்டதைத் தமிழில் எழுதிவரட்டும்.