போட்ட சாலையைக் காப்பது யார்?

கிராமத்துக்குப் புதிய சாலை வருகிறது என்றால் அடிக்கல் நாட்டு விழாவுக்கு அமைச்சர் வருகிறார். திறப்பு விழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் வருகிறார். அதே சாலை சில ஆண்டுகளில் குண்டும் குழியுமாகிவிட்டால் எட்டிப் பார்க்க எவரும் வருவதில்லை. மத்தியில் ஆண்ட அரசுகள் அனைத்தும் பெருமையுடன் குறிப்பிட்டுவந்த பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் பலவீனம் இதுதான்.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி வாஜ்பாய் அரசு இத்திட்டத்தைத் தொடங்கியது. சாலை இணைப்பே இல்லாத குடியிருப்புகளில், சமவெளியில் 500 பேருக்கும், மலை, பாலைவன, பழங்குடியினர் பகுதிகளில் 250 பேருக்கும் குறையாமல் வசிக்கும் இடங்களுக்கு, மழைக்காலத்திலும் பயன்படக்கூடிய சாலை அமைப்பது நோக்கம். கிராமச் சாலைகள் மாநிலங்களின் பொறுப்பில் இருப்பவை என்றபோதிலும், தொடக்கத்தில் முழுச் செலவையும் மத்திய அரசே ஏற்றது. டீசல் மீதான 'செஸ்' வரியில் ஒரு பகுதி இதற்கென ஒதுக்கப்பட்டது. ஆட்சிகள் மாறியும் திட்டம் கைவிடப்படவில்லை. இதுவரை ஏழரை லட்சம் கி.மீ.க்கும் அதிகமான சாலைகள் போடப்பட்டிருக்கின்றன.

பலன் இல்லாமல் இல்லை. சாலை வந்த கிராமங்களில் நடுநிலைப் பள்ளிகளில் சேரும் மாணவர் எண்ணிக்கை உயர்ந்தது. விவசாயக் கூலி வேலையிலிருந்து பலர் வேறு வேலைகளுக்குச் செல்ல முடிந்தது. அதேநேரத்தில், விளைச்சலோ வருமானமோ பெரிதாக உயர்ந்துவிடவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் சாம் ஆஷரும் பால் நோவோசாடும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. சாலை ஒரு தொடக்கம் மட்டுமே. அந்தத் தொடக்கமும் நிலைக்காவிட்டால் போட்ட பணம் வீண்.

ஒப்பந்தப்படி, சாலையைப் போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அதற்கான பணத்தை மாநில அரசு தர வேண்டும். அதன் பிறகு முழுப் பொறுப்பும் மாநிலத்துடையது. குறைந்த போக்குவரத்தைக் கருதி 3.75 மீட்டர் அகலத்தில், பத்தாண்டு ஆயுளுக்கு அமைக்கப்படும் இச்சாலைகளில் மணல் லாரிகளும் கல் லாரிகளும் கரும்பு டிராக்டர்களும் ஓடுகின்றன. நிதி நெருக்கடியில் உள்ள மாநிலங்கள் முதலில் கைவைப்பது பராமரிப்புச் செலவில்தான். 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்கள் கட்டுமானச் செலவிலும் 40 சதவீதத்தை ஏற்க வேண்டியிருப்பதால் சுமை கூடியிருக்கிறது.

இந்த ஆபத்தை 15-ஆவது நிதிக்குழு உணர்ந்திருந்தது. 2021-26 காலத்துக்கு, இத்திட்டச் சாலைகளைப் பராமரிக்க மட்டும் ரூ. 27,539 கோடி மானியம் வழங்கப் பரிந்துரைத்தது. 2021 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது, இத்தகைய துறைவாரி மானியங்களை மத்திய அரசு நேரடியாக ஏற்கவில்லை. திட்டங்களை வகுக்கும்போது உரிய கவனம் செலுத்தப்படும் என்று கூறியதோடு நிறுத்திக்கொண்டது. பராமரிப்புக்கு நிதி ஒதுக்குவதாக மாநிலங்களிடம் உறுதிமொழி கேட்கும் தில்லி, அதற்கான பணம் பற்றிய பரிந்துரையை ஒதுக்கிவைத்தது எந்த வகையில் நியாயம்?

2024 செப்டம்பரில் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கி.மீ. சாலை, செலவு ரூ. 70,125 கோடி. மழை பெய்தால் உலகத் தொடர்பு அறுந்துபோகும் குடியிருப்புகளுக்கு இது அவசியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே அவை தேர்ந்தெடுக்கப்படுகின்றன என்பதையும், புதிய ஒவ்வொரு கிலோமீட்டரும் பராமரிப்புச் சுமையை ஏற்றும் என்பதையும் மறந்துவிட முடியாது.

பழுது பார்த்ததற்குக் கணக்குக் காட்டினால் பணம் என்பதை மாற்றி, சாலை நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே ஒப்பந்ததாரருக்குப் பணம் என்ற முறையை மத்தியப் பிரதேசம் தொடங்கிவைத்தது. 'இ-மார்க்' என்ற பெயரில் அது பிற மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டிருப்பது நல்ல செய்தி. இந்த முறை ஐந்து ஆண்டுகளைத் தாண்டியும் தொடர வேண்டும். அதற்கான செலவை மத்திய அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

எத்தனை கிலோமீட்டர் போடப்பட்டது என்று கேட்பது நாடாளுமன்றக் கேள்வி நேரத்தின் வழக்கம். போட்டதில் எத்தனை கிலோமீட்டர் இன்று பேருந்து ஓடும் நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உறுப்பினர்களே கிராம மக்களின் உண்மையான பிரதிநிதிகள்.