பச்சை ஒயினும் நூறு மதிப்பெண்ணும்

சூன் மாதம் நெருங்கும்போது ஐரோப்பிய நாளிதழ்களின் ஒயின் பக்கங்களில் கோடைக்கான மலிவு விலைப் பட்டியல்கள் தலைகாட்டத் தொடங்குகின்றன. பத்து யூரோவுக்கு உட்பட்ட புட்டிகளைச் சுவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணை இட்டு, வாசகர் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லும் வகையில் அவை அச்சாகின்றன. இவ்வகை ஒயின்களுக்கு நூற்றுக்கு எண்பதுகளின் நடுப்பகுதியைத் தாண்டிய எண் கிடைப்பது அரிது என்பதால், இவை பணம் குறைந்தவர்களுக்கான இரண்டாந்தரச் சரக்கு என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் எளிதாக ஊன்றிவிடுகிறது. அந்த எண் எப்படி உருவாகிறது என்று பார்த்தால், குறைவுக்கு ஒயினைவிட அளவுகோலே பெரிதும் பொறுப்பு என்பது தெரியவரும்.

ஒயினுக்கு மதிப்பெண் இடும் முறையை ஒழுங்குபடுத்தியதில் ஆய்வுக்கூடங்களின் பங்கு பெரிது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மேனார்ட் அமெரினும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 1959-இல் வகுத்த இருபது மதிப்பெண் முறை, பரிசோதனைக்காகச் செய்யப்பட்ட ஒயின்களில் எங்கே பிழை நேர்ந்துள்ளது என்று கண்டறிவதற்கானது. தெளிவுக்கு இரண்டு, நிறத்துக்கு இரண்டு, மணத்துக்கு நான்கு, காடித்தன்மை (அதாவது ஒயின் வினிகராகத் திரும்பும் குறை) இல்லாதிருப்பதற்கு இரண்டு என்ற போக்கில் அது பகுக்கப்பட்டிருந்தது. பிழையற்ற எளிய ஒயின் அம்முறையில் மரியாதையான எண்ணைப் பெற்றுவிடும். நிலைமையை மாற்றியவர் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ராபர்ட் பார்க்கர். 1978-இல் அவர் தொடங்கிய செய்திமடல், பின்னர் 'தி ஒயின் அட்வகேட்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்று, அமெரிக்கப் பள்ளித் தேர்வுத்தாளை நினைவூட்டும் நூறு மதிப்பெண் முறையை நிலைநாட்டியது. அதில் எந்த ஒயினுக்கும் 50 மதிப்பெண் தொடக்கத்திலேயே தரப்பட்டுவிடும். எஞ்சிய 50-இல் நிறத்துக்கும் தோற்றத்துக்கும் 5, மணத்துக்கு 15, சுவைக்கும் விழுங்கிய பின் அது நாவில் நிலைக்கும் நேரத்துக்கும் 20, ஒட்டுமொத்தத் தரத்துக்கும் வருங்காலத்தில் மேம்படும் ஆற்றலுக்கும் 10 என்பது பங்கீடு.

கோடை ஒயின் இந்தக் கடைசிப் பத்தில் சறுக்குகிறது. அறுவடைக்கு அடுத்த கோடையிலேயே குடித்துத் தீர்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஒன்றை நோக்கி, பத்தாண்டுக் காலம் நிலவறையில் கிடந்தால் நீ என்னவாக இருப்பாய் என்று கேட்பது, முளைக்கீரைக் கட்டு எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று விசாரித்து விலை பேசுவதை ஒத்தது. நாவில் நிலைக்கும் நேரமும் அப்படித்தான்: வெயிலில் வறண்ட வாயைக் கழுவிவிட்டு அடுத்த கவளத்துக்கு இடம் விடுவதே தன் கடமையாகக் கொண்ட ஒயின், சீக்கிரம் மறைந்ததற்காக மதிப்பெண் இழக்கிறது.

எண்ணை இடுபவரின் நாக்கும் அவ்வளவு உறுதியானதன்று. ஓய்வுபெற்ற பேராசிரியரும் சிறு ஒயின் ஆலையொன்றின் உரிமையாளருமான ராபர்ட் ஹாட்ஜ்சன், கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் போட்டியில் 2005 முதல் சில ஆண்டுகள் நடத்திய சோதனையில், ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை ஏறத்தாழ முப்பது மாதிரிகள் கொண்ட வரிசையில் மூன்று இடங்களில் நடுவர்களுக்குத் தெரியாமல் கலந்து வைத்தார். அந்த மூன்றுக்கும் ஒத்த தகுதி வழங்கியவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர் என்று 2008-இல் அவர் வெளியிட்ட கட்டுரை கூறுகிறது. பிரான்சில் மோரோ, புரோஷே, துபூர்தியூ ஆகிய மூவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்பு நிறமி கலந்து கொடுக்கப்பட்டபோது, அதைச் சுவைத்த 54 பேரும் செந்நிறப் பழங்களுக்குரிய சொற்களாலேயே பெரிதும் அதை விவரித்தனர். விலையைப் பொறுத்தவரை, ராபின் கோல்ட்ஸ்டைனும் பிறரும் 2008-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைத்தேர்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, புட்டி மறைக்கப்பட்டிருக்கும்போது பயிற்சியற்ற சாதாரணக் குடிகாரர்கள் விலை கூடிய ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்புகின்றனர் என்று கண்டனர். (குடிகாரர் என்ற சொல்லுக்குத் தமிழில் உள்ள வசையை நீக்கிவிட்டு இங்கே படிக்க வேண்டும்.) விலையையும் பெயரையும் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால், மலிவான ஒயினுக்கு எதிராக நிற்கும் தடைகளில் பாதி தானாகவே விலகிவிடும் என்பது இவற்றால் பெறப்படும்.

அப்படி மறைத்துச் சுவைக்கத் தக்க ஒயின்களுள் போர்ச்சுக்கலின் வடமேற்கு மூலையில் விளையும் வின்யோ வெர்டே தனி ஆய்வுக்கு உரியது. பெயரின் நேர்ப்பொருள் பச்சை ஒயின். நிறத்தால் வந்த பெயர் என்று பலர் மயங்கினாலும், முதிராத, இளமையான ஒயின் என்பது ஒரு விளக்கம், அந்நிலப்பகுதியின் பசுமையைக் குறித்தது என்பது மற்றொரு விளக்கம். அதன் எல்லைகள் 1908-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் வரையறுக்கப்பட்டன. வடக்கே ஸ்பெயின் எல்லையாக ஓடும் மின்யோ ஆறு முதல் தெற்கே தோரோ ஆற்றைக் கடந்தும் பரவியுள்ள அப்பகுதி கருங்கற்பாறை சிதைந்து உருவான அமிலத்தன்மை மிக்க மண்ணைக் கொண்டது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தடையின்றி உட்புகுவதால், திராட்சை விளையும் பிற ஐரோப்பிய நிலங்களோடு ஒப்பிட மழை மிகுதி. சிறு துண்டுகளாக உடைந்த நிலத்தில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைந்தாக வேண்டியிருந்ததால், உழவர்கள் திராட்சையை நிலத்திலிருந்து மேலே ஏற்றினார்கள். வயலோர மரங்களில் கொடியைப் படரவிட்ட முறைக்கு என்ஃபொர்காதோ, அதாவது தூக்கிலிடப்பட்டது, என்று சற்றுக் கொடூரமான பெயர். கருங்கல் தூண்கள் நட்டு அமைத்த பந்தலுக்கு ரமாதா என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைப் பந்தலின் அடியில் நடந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. தரையின் வெப்பத்திலிருந்து விலகி, இலை நிழலில் தொங்கிய காய்களில் சர்க்கரை மெதுவாக ஏறியது, புளிப்பு இறங்காமல் நின்றது. இன்று பெரும்பாலான தோட்டங்கள் தாழ்வான கம்பி வேலிகளுக்கு மாறிவிட்ட போதிலும், நூற்றுக்கு 9 முதல் 11.5 வரையிலான மென்மையான சாராய அளவும் கூர்மையான புளிப்பும் அந்த ஒயினின் அடையாளங்களாக நீடிக்கின்றன. வெயில் நேரத்தில் 14 விழுக்காடு ஒயினைக் குடித்து மயங்கியவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நாக்கில் முள்ளாகக் குத்தும் அதன் மெல்லிய நுரைப்பும் ஆராயத்தக்கது. திராட்சையில் இயல்பாக உள்ள மாலிக் அமிலத்தை, அதாவது பச்சை ஆப்பிளின் புளிப்பைத் தருவதை, சில பாக்டீரியாக்கள் தயிரில் உள்ள மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அம்மாற்றத்தின்போது கரியமில வாயு வெளிப்படும். முற்காலத்தில் இது புட்டிக்குள்ளேயே நடந்ததால் ஒயின் சற்றே கலங்கி, நுரைத்தபடி கோப்பைக்கு வந்தது. இப்போது வெள்ளை வின்யோ வெர்டேயில் அந்த மாற்றம் பொதுவாகத் தவிர்க்கப்பட்டு, வாயு புட்டியில் அடைக்கும் வேளையில் சேர்க்கப்படுகிறது. ஷாம்பெயினின் அழுத்தம் ஐந்தாறு பார் அளவை எட்டும் என்றால், இதில் ஒரு பாருக்கும் குறைவு. இதை ஏமாற்று வேலை என்று இகழ்வோர் உண்டு. மலிவு விலையில் கூட்டுக் கலவையாக விற்கும் வணிகப் பெயர்களில், சேர்த்த வாயுவும் சேர்த்த இனிப்பும் சாரமின்மையை மறைக்கும் போர்வையாக அமைந்துவிடுவதுண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் லீமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் லோரெய்ரோ என்னும் ஒரே வகைத் திராட்சையைக் கொண்டு செய்யப்படும் ஒயின்களுக்கு அந்தப் போர்வை தேவைப்படுவதில்லை. பிரிஞ்சி இலை மரத்தின் இனமான லாரல் மரத்திலிருந்து பெயர் பெற்ற அத்திராட்சை, எலுமிச்சைத் தோலும் வெள்ளைப் பூக்களும் கலந்த மணத்தைத் தருவது. போர்ச்சுக்கல் கடைகளில் ஐந்தாறு யூரோவுக்குள் நல்ல புட்டி கிடைத்துவிடும். வட எல்லையில் மொன்சாவ், மெல்காசோ ஊர்களைச் சுற்றி விளையும் அல்வரீன்யோ இதைவிடக் கனமானது, விலையும் கூடியது. கோடைக்கு அது சற்று மிகை. வின்யாவ் என்ற திராட்சையிலிருந்து செய்யும் கருஞ்சிவப்பு வகை ஒன்றும் உண்டு. வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கப்படும் அது, புளிப்பிலும் துவர்ப்பிலும் பழகாதவரை முகம் சுளிக்க வைத்துவிடும்.

தமிழ் மரபு அறுசுவையுள் ஒன்றாக எண்ணும் துவர்ப்பை இன்றைய உடலியல் சுவையாகக் கொள்வதில்லை. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள்கள் எச்சிலின் புரதங்களோடு பிணைந்து வாயின் வழவழப்பைக் குறைப்பதால் எழும் தொடுவுணர்ச்சியாகவே அதைக் கருதுகிறது. மதிப்பெண் இடுவோர் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டியதன் காரணம் இதனுள் அடங்கியிருக்கிறது. குளிர்ச்சி துவர்ப்பையும் கசப்பையும் கூர்மையாக்கும், மணத்தையும் இனிப்பையும் அடக்கும். வெம்மை சாராய நெடியை மேலே கிளப்பும். டானின் குறைந்த வெள்ளை ஒயின் 8 முதல் 10 பாகை செல்சியசில் பொலிவு பெறும். இலேசான சிவப்பு ஒயின் 13 பாகை அளவில் இணக்கமாகும். நான்கைந்து பாகையில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றிய ஒயின் ஏறக்குறைய ஊமை, ஆகவே அதற்கு இடப்படும் எண்ணும் பொருளற்றது. அவசரத்துக்குக் குளிரூட்ட வேண்டுமானால், பனிக்கட்டியை மட்டும் நிரப்பிய வாளியைவிடப் பாதி தண்ணீரும் பாதி பனிக்கட்டியுமான வாளி விரைவாகப் பணிசெய்யும். தண்ணீர் புட்டியின் உடல் முழுவதையும் தழுவி நிற்பதே காரணம்.

வீட்டில் இந்தத் தேர்வை நடத்த விரும்புவோர்க்கு வேண்டியவை சில பழுப்புக் காகிதப் பைகளும் ஒரே வடிவிலான கோப்பைகளும் மட்டுமே. புட்டிகளைப் பைகளில் மறைத்து எண்ணிட்டு, வாய் குறுகிய கோப்பையில் ஐம்பது மில்லிலிட்டர் அளவே ஊற்றி, சுவைத்ததைத் துப்பிவிட்டு எழுதுவது முதற்சுற்று. ஒரே ஒயினில் இரண்டு புட்டி வாங்கி இருவேறு பைகளில் ஒளித்து வைப்பது ஹாட்ஜ்சனிடம் கற்க வேண்டிய பாடம். அவ்விரண்டுக்கும் ஒருவர் இடும் எண்கள் எவ்வளவு விலகுகின்றனவோ, அந்த அளவுக்கு அவருடைய மற்ற எண்களையும் ஐயத்தோடு பார்க்கலாம். உணவில்லாமல் சுவைப்பதோடு பெரும்பாலான போட்டிகள் நின்றுவிடுகின்றன. கோடை ஒயினுக்கு அது பாதித் தேர்வுதான். சூன் 23 இரவு புனித யோவான் திருவிழாவில் போர்ட்டோ நகரத் தெருக்களில் சுடும் மத்தி மீனின் எண்ணெய்ப் பிசுக்கை எந்த ஒயின் அறுத்தெறிகிறது என்பது மீன் தட்டு முன்னால் வந்த பிறகே தெரியும். தனியே சுவைத்தபோது அளவு மீறியதாகத் தோன்றிய புளிப்பு அப்போது சரியான அளவாகிவிடும்.

மற்றக் கோடை ஒயின்களைச் சுருக்கமாகவே குறிக்கலாம். லுவார் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி விளையும் மஸ்கடே, நொதித்து ஓய்ந்த ஈஸ்டின் மண்டியிலேயே குளிர்காலத்தைக் கழித்தபின் புட்டிக்கு வருவதால், சிப்பி உணவுக்கு ஏற்ற உப்பும் மெல்லிய ரொட்டி மணமும் கொண்டிருக்கும். தென் பிரான்சின் தோ காயலோரத்துப் பிக்பூல் தெ பினே அதன் சுறுசுறுப்பான தம்பி. புரோவான்சின் ரோசே, அதாவது சிவப்புத் திராட்சையின் தோலைச் சாற்றில் சிறிது நேரமே ஊறவிட்டுச் செய்யும் இளஞ்சிவப்பு ஒயின், அழகுக்காக நிறமற்ற கண்ணாடியில் அடைக்கப்படுகிறது. இது அதன் பெரும் பலவீனம்: ஒளி பட்டால் ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின் தூண்டப்பட்டு, கந்தகம் கொண்ட மெத்தியோனின் சிதைந்து, அவித்த முட்டைக்கோசின் நாற்றம் பிறக்கும். கடைச் சன்னலோரம் வெயிலில் அடுக்கப்பட்ட ரோசேயை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காதிருப்பது நல்லது.

மீனோடு நிற்கும் ஆற்றலுக்கு எட்டு, மணத்தின் புத்துணர்வுக்கு ஐந்து, இரண்டாம் கோப்பையைக் கேட்க வைக்கும் தன்மைக்கு நான்கு, விலைக்கு மூன்று என்று இருபதைப் பகுத்து, வருங்காலத்தில் மேம்படும் ஆற்றலுக்கு ஒன்றும் இல்லாத ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது. அதில் நல்ல மஸ்கடே பதினாறு பெறும், பிக்பூல் பதினைந்து. புரோவான்ஸ் ரோசே தன் பெயருக்காக வசூலிக்கும் விலையால் பன்னிரண்டில் நிற்கும். சென்ற ஆண்டின் அறுவடை என்று புட்டியில் ஆண்டு குறிக்கப்பட்ட, ஆறு யூரோ விலையுள்ள லீமா பள்ளத்தாக்கின் லோரெய்ரோவுக்குப் பதினெட்டு.