மீனின் செவி

மீனுக்குக் காதில்லை என்னும் எண்ணம் வகுப்பறையில் மட்டும் உலவவில்லை. ஆறுகளை மதிப்பிடும் அளவுகோலிலும் ஒளிந்திருக்கிறது.

மலைத்தொடரிலிருந்து இறங்கிவரும் சுங்காய் ஆற்றையே எடுத்துக்கொள்ளலாம். மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு இத்தகைய ஆற்றை ஆறு கூறுகளால் அளக்கிறது: கரைந்த உயிர்வளி, உயிர்வேதி உயிர்வளித் தேவை, வேதி உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்மம், அமில காரத் தன்மை. இவற்றுள் ஒன்றேனும் ஓசையைப் பற்றியதன்று. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இரைச்சலையும் மாசென்றே கொள்கிறது. ஆயினும் நடைமுறையில் அளக்கப்படுவது மனிதன் செவியில் விழும் இரைச்சலே.

மீன் கேட்குமா என்று ஐயுறுவோர், ஏறத்தாழ நூறாண்டு பின்தங்கியவர். 1923ஆம் ஆண்டிலேயே கார்ல் வான் ஃபிரிஷ், பார்வையற்ற கெளிற்று மீனொன்று சீழ்க்கையொலி கேட்டு இரைதேடி வருவதை நிறுவிவிட்டார். கெண்டை, கெளிற்று இனங்களில் காற்றுப்பையையும் உட்செவியையும் சிற்றெலும்புத் தொடர் ஒன்று இணைக்கிறது. பை மத்தளம்போல் அதிர, எலும்புகள் அவ்வதிர்வைச் செவிக்குக் கடத்துகின்றன. பேராக் மக்கள் விரும்பியுண்ணும் கெலா, லம்பாம், பாவோங் யாவும் இக்கூட்டத்தவையே. நீரில் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் விரையும், காற்றிலோ 340தான்.

"ஆறு தானே இரைகிறதே, மணல் உறிஞ்சும் எந்திரமும் இரைந்தால் என்ன?" என்பர் சிலர். 2006இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வொன்று இதற்கு விடையிறுக்கிறது. கப்பலோசையைக் கேட்ட மூன்று நன்னீர் மீனினங்களிலும் உளைச்சலைக் காட்டும் கார்டிசால் சுரப்பு மிகுந்தது. சீராகத் தொடர்ந்த இரைச்சல் அவ்வாறு செய்யவில்லை. ஏறியிறங்கும் எந்திர உறுமலும் நீரோட்டத்தின் இடையறா ஒலியும் ஒன்றாகா.

"பிடிக்காவிடில் மீன் வேறிடம் செல்லட்டுமே!" என்பது அடுத்த வாதம். தோட்டத் துண்டாடலின்போது பால்மரத் தொழிலாளிக்குக் கூறப்பட்ட அறிவுரையும் இதுவே அன்றோ? குஞ்சுகளைக் காத்து நிற்கும் விரால் எங்கே செல்லும்?

1938இல் கட்டப்பெற்று 1982 வரை ஈயம் வாரிய தஞ்சோங் துவாலாங் கப்பலின் கிறீச்சொலி, கரையில் வாழ்ந்தோர் நினைவில் உளது. அதனடியில் நீந்தியவை கேட்டது எந்த ஏட்டில் உளது? இன்று பேராக் ஆறுகளில் மணல் எடுக்க உரிமம் வழங்குவோர், நீரொலி வாங்கி ஒன்றை முதலில் ஆற்றில் இறக்கட்டும். முட்டையிடும் பருவத்தில் எந்திரங்களை நிறுத்தட்டும். ஆறு கூறுகளோடு ஏழாவதாக ஓசையையும் எழுதட்டும்.