இலக்கணம் மீறினாலும் ஆங்கிலம்தான்!

ரொம்ப நாள் கழித்துச் சந்திக்கும் இரண்டு நண்பர்கள் முதலில் என்ன சொல்லிக் கொள்கிறார்கள்? "லாங் டைம் நோ ஸீ!" இதே வாக்கியத்தை ஆங்கிலத் தேர்வில் எழுதிப் பாருங்கள். எழுவாய் இல்லை. 'நாட்' வர வேண்டிய இடத்தில் 'நோ' வந்து நிற்கிறது. பார்த்தது நேற்றா இன்றா என்று காலமும் தெரியவில்லை. சிவப்பு மையில் ஒரு பெரிய சுழி நிச்சயம்!

ஆனால் உலகம் முழுக்க இதைச் சொல்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.

இப்படி இலக்கணத்தை மீறுவது போலத் தெரியும் தொடர்கள் ஆங்கிலத்தில் ஏராளம். கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் பலவற்றுக்கு நியாயமான காரணம் இருக்கிறது.

"காட் சேவ் த கிங்" என்பதை எடுத்துக் கொள்ளுங்கள். எழுவாய் ஒருமை என்றால் வினையின் கடைசியில் 'எஸ்' சேர்க்க வேண்டும் என்றுதானே படித்தோம்? இங்கே 'சேவ்ஸ்' என்று ஏன் வரவில்லை? கடவுள் காப்பாற்றுகிறார் என்ற செய்தி அல்ல இது. காப்பாற்றுக என்ற வேண்டுதல். தமிழில் 'வாழ்க' என்பதை வியங்கோள் வினைமுற்று என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தும்மினால் சொல்லும் "காட் ப்ளெஸ் யூ"வும் இந்த ரகமே.

"த மோர் த மெரியர்" என்பதில் வினைச்சொல்லே கிடையாது. அதில் வரும் 'த' வழக்கமான 'த'வும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் 'அதனால்', 'அவ்வளவுக்கு' என்ற பொருளில் இருந்த ஒரு வேற்றுமை வடிவம் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. அந்த வேற்றுமை செத்துப் பல நூற்றாண்டு ஆகியும் தொடர் மட்டும் உயிரோடு இருக்கிறது.

"பை அண்ட் லார்ஜ்" இன்னும் வேடிக்கை. 'பை'யையும் 'லார்ஜ்'ஜையும் 'அண்ட்' போட்டு எப்படி இணைப்பது? இது பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சு. காற்று வரும் திசையை ஒட்டிச் செல்வது 'பை'. காற்று பின்பக்கமாகத் தள்ளச் செல்வது 'லார்ஜ்'. இரண்டிலும் நன்றாக ஓடும் கப்பலைப் பற்றிச் சொன்னது, பிறகு 'பொதுவாகப் பார்த்தால்' என்று ஆகிவிட்டது.

சரி, "லாங் டைம் நோ ஸீ" எங்கிருந்து வந்தது? 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெளியான ஒரு நினைவுக்குறிப்பு நூலில், அமெரிக்கப் பழங்குடி மனிதர் ஒருவர் பேசுவதாக இது வருகிறது. சீன மொழியில் உள்ள "ஹாவ் ஜியூ பு ஜியென்" என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததே இது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் 'உடைந்த ஆங்கிலம்' என்று கருதப்பட்ட தொடர்தான் இன்று அனைவர் வாயிலும் இருக்கிறது!

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. வெள்ளைக்காரர் விதியை மீறினால் அது மரபுத்தொடர். கிராமத்திலிருந்து வந்து கல்லூரியில் சேர்ந்த மாணவர் "டிஸ்கஸ் அபவுட்" என்று சொல்லிவிட்டால் மட்டும் வகுப்பே ஏன் சிரிக்கிறது? அன்று வாயை மூடியவர், நேர்முகத் தேர்வு வரை வாயைத் திறப்பதில்லை. தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு 'அபவுட்'டுக்கு இது ரொம்ப அதிக விலை.

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. "லாங் டைம் நோ ஈட்" என்று ஒருவர் தானாகப் புதிதாக உருவாக்கினால் அது மரபுத்தொடர் ஆகிவிடாது. வேடிக்கையாகத்தான் எடுத்துக் கொள்வார்கள். விதிவிலக்கு தரும் உரிமை தனி ஆளிடம் இல்லை, பேசும் கூட்டத்திடம் இருக்கிறது. இந்தியர்கள் பேசிப் பேசியே 'ப்ரிபோன்' என்ற சொல்லை ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள் ஏற்றிவிட்டார்களே! தேர்வில் எழுதும்போது விதிப்படி எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் சொல்லித் தரும் முறை மாறலாம். தமிழ் இலக்கணத்தில் 'வழுவமைதி' என்று ஒன்று உண்டு. பசுவைப் பார்த்து "என் அம்மா வந்தாள்" என்றால் அஃறிணையை உயர்திணை ஆக்கியது வழு. ஆனாலும் மகிழ்ச்சியில் சொன்னது என்பதால் ஏற்றுக் கொள்கிறோம். இது விதி, இது விலக்கு, இதற்குக் காரணம் இது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும் இந்த முறையை ஆங்கில வகுப்பிலும் கொண்டு வந்தால் என்ன? இலக்கணத்தைப் பார்த்து வரும் பயம் பாதி போய்விடும்.

அடுத்த முறை யாராவது ஆங்கிலத்தில் தடுமாறினால் சிரிக்கும் முன் ஒரு நொடி யோசியுங்கள். "லாங் டைம் நோ ஸீ"யைக் கேட்டும் யாரோ ஒருநாள் இப்படித்தான் சிரித்திருப்பார்கள்.