பிள்ளைகள் குறி பார்க்கப் பழகட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே சண்டை. எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை ஏர் ரைபிள் சுடப் பழக ஆசைப்படுகிறாள் என்று அவள் அம்மா எழுதினாள். வந்த பதில்களைப் பாருங்கள். "பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கி எதுக்கு?" "நம்ம ஜில்லாவுல இருக்க அரிவா போதாதா?" "அதெல்லாம் ராஜா வீட்டுப் பிள்ளைய விளையாட்டு." "பேசாம பாட்டு கிளாஸ்ல சேத்து விடு." இத்தனை பேர் எழுதினீர்கள். ஒருவராவது அந்தப் பிள்ளையிடம், "உனக்கு ஏன்ம்மா இந்த ஆசை வந்துச்சு?" என்று கேட்டீர்களா? முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் நான். பிள்ளை ஒரு காரியத்தைத் தானாகக் கேட்பது அபூர்வம். கேட்கிறபோது வாயை அடைக்கிற பழக்கத்தை நாம் விட வேண்டும். ஆகவே, ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் பதில் எழுதுகிறேன்.

முதலில் வலிக்கிற விஷயம். ஒரு தம்பி எழுதியிருந்தார்: "தூத்துக்குடிக்காரன் வாயில துப்பாக்கிங்கற சொல்லே வரக்கூடாது அக்கா." அவர் மனசு எனக்குப் புரிகிறது. 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்குப் போன கூட்டத்தின் மேல் போலீஸ் சுட்டது. அந்த நாட்களில் 13 உயிர்கள் போயின. சாயர்புரத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேருகிற ஊர். 'துப்பாக்கிச்சூடு' என்று பேப்பரில் எங்கே பார்த்தாலும் நம் நெஞ்சு முதலில் அங்கேதான் போகிறது. போகட்டும். அதை மறக்கவே கூடாது.

ஆனால் அந்தக் கோபம் யார் மேல் இருக்க வேண்டும்? மனிதரைப் பார்த்துக் குறி வைத்தவர்கள் மேலும், வைக்கச் சொன்னவர்கள் மேலும் இருக்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதத்தைக் குறி பார்க்க நினைக்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளை மேல் அதை இறக்கி வைப்பது நியாயமில்லை. துப்பாக்கிச்சூடு என்பது வேறு, துப்பாக்கி சுடுதல் என்பது வேறு. முதலாவதற்கு ஆணையம் வைக்கிறோம். இரண்டாவதற்கு ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லாகப் படித்தால் அது வாசிப்புப் பிழை.

இரண்டாவது, அரிவாள். இதுதான் உங்கள் கட்சியில் பலமான வாதம். லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024-ல் அறிக்கை வந்தது. பையன்கள் கையில் கட்டுகிற சாதிக் கயிறு வரைக்கும் அதில் பேசியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பக்கத்தில் பையன்கள் கையில் துப்பாக்கியா என்று நீங்கள் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

என் பதில் இது. அரிவாள் பிடிக்கிற பையனுக்கு வேண்டியது கெத்து. ஸ்டேட்டஸில் போட ஒரு படம், பின்னால் ஒரு பாட்டு. சுடுதளத்தில் முதல் நாளே பறித்துக்கொள்வது அந்தக் கெத்தைத்தான். அங்கே துப்பாக்கியை எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைத்துத் தொட வேண்டும். குழல் இலக்கின் பக்கம் மட்டுமே பார்க்க வேண்டும். சுடும் நேரம் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. 'நிறுத்து' என்று சொன்ன நொடியில் எல்லாரும் நிறுத்தி, துப்பாக்கியைத் திறந்து வைத்து, குழல் காலி என்று காட்ட ஒரு கலர் நாடாவைச் செருகிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். துப்பாக்கியோடு திரும்பிப் பார்க்கிற பையன் அன்றைக்கே வீட்டுக்குப் போவான். எந்தச் சாதிக்காரன், யார் மகன் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் முழு இலக்கின் அகலமே 45.5 மில்லிமீட்டர். பத்து மார்க்குக்கு உரிய நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பேனா முனையால் வைத்த புள்ளி அளவுதான். போட்டியில் 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். மூச்சு ஏறினால் குறி தவறும். நெஞ்சு படபடத்தால் தவறும். கோபக்காரனுக்கு இந்த விளையாட்டில் மார்க் கிடையாது. ஐந்து நிமிடம் ஒரு பக்கம் வாசிக்க முடியாமல் போனைத் தடவுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

சாதி வெறிக்கு இது மருந்து என்று சொல்ல வரவில்லை. அதற்கு வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. நான் சொல்வது, இந்த விளையாட்டு அதற்கு எண்ணெய் ஊற்றாது என்பதை மட்டும்தான். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: துப்பாக்கி பிள்ளையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. பயிற்சி இடத்துப் பீரோவில் பூட்டியிருக்க வேண்டும், சாவி பெரியவர் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ராஜா வீட்டு விளையாட்டு. இதில் பாதி உண்மை. பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962-ல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். நம் தமிழ்நாட்டில் பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிள்ளை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணியோடு தங்கம் வாங்கினார், 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் போனார். நான் குறை சொல்லவில்லை, பெருமைதான். அவர்கள் இருவரும் சுட்டது 'ட்ராப்' என்கிற பறக்கும் தட்டு. பள்ளத்துக்குள் இருக்கிற எந்திரம் தட்டை வீசும். எந்தப் பக்கம் பறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு அது. ஒரு சுற்றுக்கு 25 தட்டு, போட்டிக்கு ஐந்து சுற்று, மொத்தம் 125. ஒவ்வொரு தட்டுக்கும் குறைந்தது ஒரு தோட்டா செலவு. வெளிநாட்டு இரட்டைக்குழல் துப்பாக்கி பல லட்சம் ஆகும். லைசென்ஸ் தனி. நம் வீட்டுப் பிள்ளை அங்கே தொடங்க முடியாது, தொடங்கவும் வேண்டாம்.

ஏர் ரைபிள் கதை வேறு. பாரிஸில் 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே யார் தெரியுமா? கோலாப்பூர் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பதக்கம் வாங்கியபோது அவர் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். மகாராஷ்டிர அரசாங்கத்தின் விளையாட்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்துதான் துப்பாக்கியைத் தொட்டார். வாத்தியார் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை ஒலிம்பிக் மேடை ஏறியிருக்கிறது. அங்கே அரசாங்கம் கதவைத் திறந்தது. இங்கே நாமே கதவைச் சாத்துகிறோம்.

நான்காவது, பொம்பளப் பிள்ளை. இதற்குப் பதில் எழுதவே கூச்சமாக இருக்கிறது. இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண். 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைபிள் தங்கம், பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். மனு பாக்கர் பாரிஸில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம். அவனி லேகரா சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு டோக்கியோவிலும் பாரிஸிலும் பாராலிம்பிக் தங்கம். இந்த விளையாட்டுக்கு உயரம் வேண்டாம், தடித்த உடம்பு வேண்டாம், கண்ணாடி போட்டாலும் பரவாயில்லை. ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து அழுகிற பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு. பாட்டு கிளாஸும் நல்லதுதான். ஆனால் அது அவள் கேட்டதில்லையே.

சரி, எப்படித் தொடங்குவது?

1. ஆன்லைனில் துப்பாக்கி வாங்கித் தொடங்காதீர்கள். முதலில் இடத்தைத் தேடுங்கள். சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. நடிகர் அஜித்குமார் 2022-ல் மாநிலப் போட்டியில் சுட்டது திருச்சியில்தான். நேரில் போய் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற இடமா, செல்ஃபி எடுக்க விடுகிற இடமா என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

2. பிள்ளைக்கு எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு இடையில் சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகத் தூரத்துப் பனைமரத்தின் கொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண்ணுக்கு மரம் மறையாமல் நிற்கிறதோ அதுதான் முந்துகிற கண். பயிற்சியாளரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

3. முதல் சில மாதம் கிளப் துப்பாக்கியே போதும். போட்டிக்கான வெளிநாட்டு ஏர் ரைபிள் லட்சக்கணக்கில் ஆகும். பிள்ளைக்கு ஆசை நிலைக்கிறதா என்று பார்த்த பிறகு யோசிக்கலாம். தொடக்கத்தில் பாதிப் பயிற்சி குண்டில்லாமல்தான் நடக்கும். நிற்பது, மூச்சை அடக்குவது, விசையை மெல்ல அழுத்துவது, சுட்ட பிறகும் அசையாமல் இருப்பது. இதற்குக் காசு கிடையாது, பொறுமைதான் செலவு.

4. குண்டு ஈயத்தில் செய்தது. பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது.

5. 2016-ம் வருஷ ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதீர்கள். கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இப்போது வேறு சிலரோடு எனக்கு வழக்கு இருக்கிறது. இந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுப்பது நீங்கள்தான். 'லைசென்ஸ் வேண்டாம்' என்ற ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு ஏர் கன் வாங்கி, குளத்தங்கரையில் கொக்கையும் மடையானையும் சுட்டுத் தொங்கவிட்டுப் படம் போடுகிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். என்னிடம் படித்தவர்களும் அதில் இருக்கிறீர்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் பறவையைக் கொல்ல அனுமதி என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? 1972-ம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை. ஜெயில் வரைக்கும் போகும். பெருங்குளத்துக்கும் கடம்பாகுளத்துக்கும் தண்ணீர் வந்தால் பறவை வருகிறது. பறவை வந்தால் நீங்கள் வருகிறீர்கள்.

உங்களுக்கு ஒரு வரலாற்றுப் பாடம். பறக்கும் தட்டை இன்றைக்கும் இங்கிலீஷில் 'களிமண் புறா' என்றுதான் சொல்கிறார்கள். ஏன்? ஒரு காலத்தில் பெட்டியைத் திறந்து உயிருள்ள புறாவைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூட அப்படி நடந்தது. அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்தக் கொடுமை இல்லை. புறாவுக்குப் பதிலாகக் களிமண் தட்டை 1880-லேயே லிகௌஸ்கி என்கிற அமெரிக்கர் கண்டுபிடித்திருந்தார். இப்போது தட்டில் களிமண்கூட இல்லை, சுண்ணாம்புக்கல் தூளும் தார் மாதிரி ஒரு பிசினும்தான். மகாராஜாக்களே புறாவை விட்டுவிட்டுத் தட்டுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் இன்னும் மடையானை விடவில்லை. சுடத்தான் ஆசை என்றால் பனிமய மாதா கோயில் திருவிழாவில் பலூன் கடை இருக்கிறது. காசைக் கொடுத்துச் சுட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பழைய மாணவர் கூட்டம் என்று வருஷா வருஷம் கூடுகிறோம். மேடை, சவுண்டு செட், பொன்னாடை, கேடயம், பிரியாணி. என் வீட்டு அலமாரியில் கேடயம் வைக்க இனி இடமில்லை. அந்தப் பணத்தில் நம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்து மீட்டர் சுடுதளம் அமைக்கலாம். பயன்படுத்தாமல் கிடக்கிற நீள அறை ஒன்று, குண்டைத் தாங்குகிற தடுப்பு, நல்ல வெளிச்சம், பூட்டு உள்ள இரும்புப் பீரோ, நாலு ஏர் ரைபிள், வாரம் இரண்டு நாள் வந்து போகிற தகுதியான பயிற்சியாளர் ஒருவர். முறைப்படி கல்வி அதிகாரியிடமும் போலீஸிடமும் எழுதிக் கொடுத்து, மாநிலச் சங்கத்தின் வழிகாட்டுதலோடு செய்ய வேண்டும். மறைத்துச் செய்கிற காரியம் இல்லை இது. சாயர்புரத்தில் ஜி.யு.போப் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோதும் 'இதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கேட்டவர்கள் பேச்சை அவர் கேட்டிருந்தால் நீங்களும் நானும் இன்றைக்கு இதை எழுதவும் வாசிக்கவும் மாட்டோம்.

வளைகுடாவில் இருக்கிற தம்பிகள், சென்னையில் இருக்கிற இன்ஜினியர் பிள்ளைகள், காவல்துறையில் இருக்கிற என் மாணவர்கள், ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எதைச் செய்ய முடியும் என்று கீழே எழுதுங்கள்.

எதிர்க்கிறவர்களும் எழுதலாம். பெயரைப் போட்டு, காரணத்தைச் சொல்லி எழுதுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித்தான் பதில் வரும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், சாயர்புரம்