பாலெட் டிரக் கனக்கிறதா? பேரிங்கைப் பாருங்கள்!

கேள்வி: ‘‘எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் குடோனில், மஞ்சள் மூட்டைகளை நகர்த்த, கையால் பம்ப் அடித்துத் தூக்கும் பாலெட் டிரக் வைத்திருக்கிறோம். முன்பு ஒருவர் இழுத்த சுமையை இப்போது இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். ‘வண்டி போச்சு, புதுசு வாங்கிடுங்க’ என்கிறார்கள். பேரிங்கை மட்டும் மாற்ற முடியுமா? என்ன அளவு வாங்க வேண்டும்?’’

- வாசகர், பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.

பதில்: பம்ப் ஒழுங்காகத் தூக்கி, தூக்கிய சுமை தானாக இறங்காமல் நின்றால், புது வண்டிக்கு அவசரமில்லை. கோளாறு பெரும்பாலும் சக்கரத்தில்தான் இருக்கும்.

கைப்பிடிப் பக்கம் இரண்டு பெரிய சக்கரங்களும், ஃபோர்க் நுனியின் அடியில் சிறிய உருளைகளும் உண்டு. சுமையின் பெரும்பகுதி இந்த உருளைகள் மீதுதான் இறங்குகிறது. சுமார் 80 மி.மீ. விட்டமே உள்ள உருளை, பெரிய சக்கரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சுற்ற வேண்டும். மஞ்சள் தூசியும், சாக்கிலிருந்து உதிரும் சணல் நூலும் அச்சில் சுற்றிக்கொண்டால் சீக்கிரமே இறுகிவிடும்.

முதலில் சோதனை. சுமை இல்லாமல் ஃபோர்க்கை உயர்த்தி, அடியில் உறுதியான மரக்கட்டைகளை வைத்து, மெதுவாக இறக்கினால் உருளைகள் தரையை விட்டு எழும்பும். அச்சில் சிக்கிய நூலை அறுத்து எடுத்துவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம், பக்கவாட்டு ஆட்டம், சுற்றாமல் நிற்பது... இவையெல்லாம் பேரிங் கோளாறு. உருளையின் மேல்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்து தட்டையாகவோ, வெடித்தோ இருந்தால் உருளையையே மாற்ற வேண்டும். பேரிங் உட்காரும் துளை தளர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

அளவைக் கண்ணால் பார்த்து வாங்கக் கூடாது. பழைய பேரிங்கின் ஓரத்தில் உள்ள எண்ணைத் துடைத்துப் பார்த்து, அதையே கேட்க வேண்டும். பல வண்டிகளில் 6204 இருக்கும். உள் விட்டம் 20, வெளி விட்டம் 47, அகலம் 14 மி.மீ. 6205 என்றால் 25, 52, 15 மி.மீ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். ‘இசட்.இசட்.’ என்பது தகர மூடி, ‘2ஆர்.எஸ்.’ என்பது ரப்பர் மூடி. தூசி பறக்கும் குடோனுக்கு ரப்பர் மூடிதான் ஏற்றது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு பேரிங்; இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃபோர்க்குக்கு இரட்டை உருளை உள்ள வண்டியில் மொத்தம் 6 சக்கரங்கள், 12 பேரிங்குகள்.

உருளையின் அச்சை ஸ்பிரிங் பின் பிடித்திருக்கும். அதைத் தட்டி எடுத்தால் அச்சு கழன்றுவிடும். வாஷர்கள் இருந்த வரிசையைக் குறித்துக்கொள்வது நல்லது. புது பேரிங்கை உருளைக்குள் இறக்கும்போது, வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். பழைய பேரிங்கின் வெளி வளையத்தையோ, பொருத்தமான குழாய்த் துண்டையோ வைத்து, வைஸில் நெருக்கினால் நேராக இறங்கும். உள் வளையத்தில் சுத்தியலால் அடித்தால், குண்டுகள் வளையத்தில் பள்ளம் பதித்து, புது பேரிங்கும் சீக்கிரமே கரகரக்கும்.

மூடியுள்ள பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவக் கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். வாரம் ஒருமுறை அச்சில் சிக்கிய நூலை நீக்கினாலே ஆயுள் கூடும்.

இறுகிய வண்டியை ‘ரெண்டு ஆள் போட்டு’ ஓட்டுவது மிச்சமல்ல. திடீரென்று நின்றால் அடுக்கிய மூட்டைகள் சரியும். இழுப்பவரின் முதுகும் தோளும் பழுதாகும். பேரிங்கை மாற்றலாம், தொழிலாளியின் முதுகெலும்பை மாற்ற முடியாது. மாற்றிய பிறகும் கனத்தால், ஃபோர்க் வளைந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புது வண்டி பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.