மில்லிமீற்றர் வரலாறு

எங்கள் போர்விளையாட்டுக் கழகம் ஞாயிறுதோறும் லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடும். மேசைமேல் பச்சைத் துணி விரித்து, மட்டையில் வீடுகளும் பஞ்சில் மரங்களும் செய்து, விரல் நீள டாங்கிகளை நகர்த்தித் தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிப்போம். பத்து வருடமாகப் போகிறேன். அங்கிருப்பவர்கள் நல்ல மனிதர்கள். ஜேர்மன் டைகர் டாங்கிக்கு வர்ணம் பூச எனக்குச் சொல்லித்தந்தவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். ஆகவே இது வெளியில் நின்று எறியும் கல் அல்ல.

என் முறைப்பாடு இதுதான்: நாங்கள் கவசத்தின் தடிப்பைப் படித்துவிட்டுப் போரைப் படித்ததாக நினைத்துக்கொள்கிறோம். டைகரின் முன்கவசம் 100 மில்லிமீற்றர், பீரங்கி 88 மில்லிமீற்றர், எடை 57 தொன். எந்த உறுப்பினரை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்த டாங்கி யாருடைய நாட்டுக்குள், எதற்காகப் போனது என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். "அரசியல் வேண்டாம், நாங்கள் இயந்திரத்தைத்தான் ரசிக்கிறோம்" என்பார்.

சரி, இயந்திரத்தையே பேசுவோம். டைகரின் சக்கரங்கள் ஒன்றையொன்று மூடியபடி அடுக்கப்பட்டவை. உட்சக்கரம் ஒன்று பழுதானால் வெளிச்சக்கரங்கள் பலவற்றைக் கழற்றவேண்டும். ரஷ்யக் குளிரில் அவற்றுக்கிடையே சேறு உறைந்து வண்டி அசைய மறுத்தது. 540 லீற்றர் பெற்றோல் ஊற்றினாலும் நல்ல வீதியில் 200 கிலோமீற்றரை எட்டாது. போர் முடியும்வரை கட்டப்பட்டவை ஏறத்தாழ 1350. சோவியத்தின் ரி-34களோ 50,000க்கும் மேல். பழுதாகியும் பெற்றோல் தீர்ந்தும் நின்ற டைகர்கள் பலவற்றை அவற்றின் குழுவினரே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு நடந்தார்கள். எங்கள் மேசையில் ஒரு டைகர்கூட இதுவரை பெற்றோல் தீர்ந்து நின்றதில்லை. இயந்திரத்தை ரசிப்பவர்கள் என்றால் இதையும் ரசிக்கவேண்டுமே. நாங்கள் ரசிப்பது இயந்திரத்தை அல்ல, அதைப் பற்றிய கதையை.

அந்தக் கதையை யார் சொன்னார்கள்? தோற்ற ஜெனரல்கள் சொன்னார்கள். போருக்குப் பின் அமெரிக்க இராணுவத்தின் வரலாற்றுப் பிரிவு, ஹிட்லரின் தரைப்படைத் தலைமை அதிகாரியாக இருந்த ஹால்டரின் மேற்பார்வையில் ஜேர்மன் அதிகாரிகளையே இருத்திக் கிழக்குப் போர்முனையின் வரலாற்றை எழுதுவித்தது. குடேரியனின் நினைவுக்குறிப்புகள் வந்தன. 1955இல் மன்ஸ்டைனின் 'இழந்த வெற்றிகள்' வந்தது. எங்கள் கழக அலுமாரியில் இரண்டும் உண்டு. எல்லாப் பிழையும் ஹிட்லருடையது, எல்லாத் திறமையும் தங்களுடையது என்பதுதான் இரண்டிலும் சாரம். குடேரியன் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஹிட்லர் கொடுத்த பெரும் பண்ணையை வாங்கிக்கொண்டவர். மன்ஸ்டைன் 1941 நவம்பர் 20ஆம் திகதி, யூத-போல்ஷெவிக் அமைப்பை அடியோடு அழிக்கவேண்டுமெனத் தன் படைக்குக் கட்டளையிட்டவர். 1949இல் பிரித்தானிய நீதிமன்றம் அவருக்கு 18 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. 1953இல் வெளியே வந்துவிட்டார். ஸ்மெல்சர், டேவிஸ் என்ற இரு அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் 2008இல் வெளியிட்ட நூலில், இந்தக் கட்டுக்கதை போர்விளையாட்டுக்காரர் மத்தியில் எப்படி வேரோடியது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் அலுமாரியில் அந்த நூல் இல்லை.

எங்கள் கழகத்தில் மிஹாயேல் விட்மன் என்ற எஸ்.எஸ். டாங்கித் தளபதியைத் தெரியாதவர் இல்லை. 1944 ஜூன் 13, நோர்மண்டியின் விலேர்-பொகாஜ் ஊர், பதினைந்து நிமிடத் தாக்குதல், எல்லாம் மனப்பாடம். அதே ஊரில் அவருடைய டைகரும் செயலிழந்து அவர் கால்நடையாகத் திரும்பினார் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை. அவர் வளர்ந்த எஸ்.எஸ். படைப்பிரிவு 1943 செப்டெம்பரில் இத்தாலியின் போவெஸ் கிராமத்தை எரித்து இருபதுக்கும் மேற்பட்ட ஊர்மக்களைக் கொன்றதைச் சொல்வதேயில்லை. 1944 ஒகஸ்ட் 8 அவர் இறந்த நாள். அன்று மூன்று டைகர்களைச் சுட்டழித்த ஷேர்மன் டாங்கியின் பீரங்கிக்காரர் ஜோ எகின்ஸ். விட்மனின் டைகர் அவற்றில் ஒன்று என்பார்கள். கனேடியர்கள் சுட்டார்கள் என்போரும் உண்டு. எகின்ஸ் போர் முடிந்ததும் சப்பாத்துத் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பினார். வர்ணம் பூசி விற்கும் பொம்மைகளில் நான் விட்மனைத்தான் கண்டிருக்கிறேன்.

கணினிக்குப் போனாலும் இதே கதைதான். 2010இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒஃப் டாங்ஸ்' பெலாரஸின் மின்ஸ்கில் உருவானது. அந்தப் போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை இழந்த நாடு அது. மின்ஸ்கிலிருந்து சிறிது தூரத்தில் ஹத்தின் கிராமம். 1943 மார்ச் 22ஆம் திகதி அங்கே 149 பேர் கொல்லப்பட்டார்கள், 75 பேர் பிள்ளைகள். அந்த விளையாட்டில் வீடுகள் இடிகின்றன. உள்ளே ஒருவரும் இல்லை.

எங்கள் மேசையிலும் அப்படித்தான். விதிப்புத்தகத்தில் வீடு என்றால் 'மறைப்பு'. அதன் பின்னால் டாங்கியை நிறுத்தினால் எதிரியின் தாயக்கட்டையில் ஒரு புள்ளி குறையும். அவ்வளவுதான்.

1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் எனக்குப் பதினொரு வயது. இந்திய இராணுவத்தின் டாங்கியைச் 'செயின்புளொக்' என்போம். அது ஒழுங்கைக்குள் வந்தபோது நான் காணவில்லை, பதுங்குகுழிக்குள் இருந்து கேட்டேன். நிலம் அதிர்ந்து மண் உதிர்ந்தது. அம்மம்மா மெதுவாகக் கேட்டா: "உள்ளுக்கை இருக்கிறவைக்கு நாங்கள் இஞ்சை இருக்கிறம் எண்டு தெரியுமோ?" மறுநாள் கிடுகுவேலி வீதியோடு வீதியாக நசுங்கிக் கிடந்தது. அந்த டாங்கி ரி-72 என்பதும் அதன் பீரங்கி 125 மில்லிமீற்றர் என்பதும் இந்தக் கழகத்துக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

இதை வெள்ளைக்காரரின் வியாதி என்று தள்ளவும் முடியாது. எங்கள் பிறந்தநாள் விருந்துகளிலும் இரண்டாவது கிளாஸ் முடிய இதே கணக்குத்தான் தொடங்குகிறது: எந்தச் சமரில் எத்தனை டாங்கி எரிந்தது, எத்தனை ஆட்லறி பிடிபட்டது. அந்த ஊரில் அன்றிரவு யார் இருந்தார்கள் என்று கேட்டால் அங்கேயும் முகம் சுருங்கும்.

விளையாடாதே என்று நான் சொல்லவில்லை. நானும் வரும் ஞாயிறு போவேன். ஆனால் விதிப்புத்தகத்தில் மூன்று வரி சேர்க்கும்படி எழுத்தில் கேட்டிருக்கிறேன். டாங்கிக்குப் பெற்றோல் தீரவேண்டும். சக்கரம் பழுதாகவேண்டும். மேசையில் வைக்கும் ஒவ்வொரு ஊருக்கும் அதன் உண்மையான பெயரும், அங்கே எத்தனைபேர் வாழ்ந்தார்கள் என்ற எண்ணும் எழுதி ஒட்டவேண்டும். முதலிரண்டுக்கும் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது விளையாட்டைக் கெடுத்துவிடுமாம்.

கெடட்டும்.